அமலோற்பவமேரிக்கு வெற்றிகரமாகப் போட்ட பூஸ்டர்

சேசு மரி சூசை துணை

வரதராஜன்பேட்டை,
8.8.2022, திங்கட்கிழமை.

மீன்சுருட்டியில் விவசாயமும் விருந்துபசாரமுமாக வாழ்ந்துவரும் என் மைத்துனர் திரு. ஜெயசீலன் அவர்களுக்கு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ம. சவரியார் எழுதிக்கொள்வது.

இங்கே ஆடு இரண்டும் நலம், கோழிகள் நலம், நான் நலமில்லை. அங்கே தாங்களும் தங்கள் மனைவி ஜெயராணியும் நலமாகத்தான் இருப்பீர்கள். வாய் கூசாமல் பொய் சொல்கிறவர்களுக்குத் தலைவலிகூட வருவதில்லை என்பதை முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் கண்ணால் பார்த்தவன் நான். எப்போதும் 'மாப்ள' என்று எழுதுகிறவன் இன்றைக்குத் 'தாங்கள்' என்று எழுதுவதிலிருந்தே என் மனநிலை தங்களுக்கு விளங்கியிருக்கும். என் மனைவியும் தங்கள் அக்காவுமாகிய அமலோற்பவமேரியை இக்கடிதம் கண்டவுடன் பஸ் ஏற்றி அனுப்பவும்.

ஒன்றும் தெரியாதவர் போலத் தாங்கள் முழிக்கக்கூடும் என்பதால் முதலிலிருந்தே எழுதுகிறேன். போன வருடம் இரண்டாவது கொரோனா ஊசி போட்டுக்கொண்ட அன்று எனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் இல்லை, அரியலூர் சிமெண்ட் ஆலைச் சூளை மாதிரி உடம்பு கொதித்தது. சாமியாரைக் கூப்பிட்டு, சாகப்போகிறவர்களுக்குக் கொடுக்கிற அவஸ்தைபூசுதலைக் கொடுக்கச் சொல்லு என்று நான் சொல்ல, தங்கள் அக்கா தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு தொண்ணூற்றொன்பது புள்ளி நாலு என்று சொல்லி, கஞ்சியைப் பக்கத்தில் வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டாள். அவளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அந்த ஊசியை அவள் தங்கள் ஊரில்தான், தங்கள் மாமியார் அடக்கத்துக்கு வந்த இடத்தில் போட்டுக்கொண்டாள், போட்ட கையாலேயே நூறு பேருக்கு இட்லி ஊற்றினாள். இப்போது பூஸ்டர் என்று மூன்றாவதாக ஒன்று வந்து, மைக் கட்டின ஆட்டோ தெருத்தெருவாகக் கூப்பிட, நானும் போட்டுக்கணும் என்று நின்றாள். நான் இதைப் பற்றிப் படித்து ஆராய்ந்து முடிவு சொல்கிறேன், ஆறு மாதம் பொறு என்றேன். என் முடிவுக்காக அவள் ஏன் பொறுக்க வேண்டும் என்றால், ஃபோன் என்னிடம்தான் இருக்கிறது. இரண்டு பேர் பெயரும் என் நம்பரில் பதிவு. காஸ் சிலிண்டரிலிருந்து ரேஷன் கார்டு வரைக்கும் இந்தக் குடும்பத்து ஓடிபி அத்தனையும் என் சட்டைப் பையில்தான் வந்து விழும். குடும்பத் தலைவன் என்றால் இந்தக் காலத்தில் வேறு என்ன இருக்கிறது?

அப்போது அவள் ஒரு கேள்வி கேட்டாள். "முப்பத்தாறு வருஷமா உங்களைக் கேட்டுக்கிட்டுத்தான் எல்லாம் செய்யறேன். என் கையில ஒரு ஊசி குத்திக்கறதுக்குமா உங்களைக் கேக்கணும்?" கேட்கத்தான் வேண்டும் என்றேன். அதோடு பேச்சு நின்றது. வெள்ளிக்கிழமை காலை நான் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போகிறேன் என்று என்னவோ சொன்னாள். நானும் சரி சரி என்று தலையாட்டினேன். சாயங்காலம் வரவில்லை. கடைசி பஸ்ஸிலும் வரவில்லை. அவளிடம் ஃபோனும் கிடையாது, ஒரே வீட்டில் இரண்டு ஃபோன் எதற்கு என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை காலை ஃபோன் வந்தது, தெரியாத நம்பர். ஒரு பெண் குரல், மீன்சுருட்டி ஊசி முகாமிலிருந்து நர்ஸ் பேசுகிறேன், அமலோற்பவமேரி அம்மாவுக்கு பூஸ்டர் போட வேண்டிய தேதி தாண்டிவிட்டது, இப்போது ஒரு ஓடிபி வரும், அதைச் சொல்லுங்கள் என்றது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முன்பின் தெரியாதவர்களிடம் ஓடிபி சொல்லாதே என்று பேங்க்காரன் நாளைக்கு நாலு தடவை செய்தி அனுப்புகிறான், என்னிடமேயா என்று பிடித்துக்கொண்டேன். நீ எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாய், உன் பெற்றோர் என்ன செய்கிறார்கள், இளம் வயதில் இந்த மோசடித் தொழில் தேவையா என்று பத்து நிமிடம் பேசினேன். அந்தப் பெண் "சார், நான் நெசமாவே நர்ஸுங்க" என்று அழாத குறையாகச் சொல்லி வைத்துவிட்டது. டீக்கடையில் போய் இதைச் சொன்னேன், நாலு பேர் பாராட்டினார்கள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் ஃபோனில் ஒரு செய்தி. 'அன்புள்ள அமலோற்பவமேரி, உங்களுக்கு முன்னெச்சரிக்கைத் தவணை வெற்றிகரமாகச் செலுத்தப்பட்டது' என்று இங்கிலீஷில் இருக்கிறது. அதாவது பூஸ்டர். இடம் மீன்சுருட்டி. கண்ணாடியைத் துடைத்துப் போட்டு இன்னொரு தடவை வாசித்தேன், மாப்ள. ஏலாக்குறிச்சி எங்கே, மீன்சுருட்டி எங்கே? அரியலூர் போய் தெற்கே போக வேண்டியவள் ஜெயங்கொண்டம் வழியாகக் கிழக்கே போயிருக்கிறாள், என்னிடம் கேட்காமல், என் ஓடிபி இல்லாமல்.

உடனே தங்களுக்கு ஃபோன் போட்டேன். தாங்கள் என்ன சொன்னீர்கள்? "அக்கா இங்க வரலையே மாமா." இதைச் சொல்லும்போது பின்னால் தேங்காய் துருவுகிற சத்தம் எனக்குக் கேட்டது. மூன்று இழுப்பு, ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று இழுப்பு. அது தங்கள் அக்காவின் துருவல். முப்பத்தாறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், எனக்குத் தெரியாதா? ஆகவே நேற்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையைக்கூட விட்டுவிட்டு (இந்தப் பாவமும் தங்கள் தலையில்தான்) நேரே தங்கள் ஊருக்கு வந்தேன். கையும் களவுமாகப் பிடிப்பதற்கு முன் சாட்சியம் சேர்க்க வேண்டும் என்று முதலில் ஊசி முகாமுக்குப் போனேன். உள்ளே போய் நர்ஸிடம் ஒரே ஒரு கேள்வி, சனிக்கிழமை அமலோற்பவமேரி யாருடன் வந்தாள் என்று கேட்டுவிட்டுத் திரும்புவதாகத்தான் திட்டம். வாசலில் இருந்த ஆள், பெரியவரே வரிசையில வாங்க என்றான். அங்கேதான் நான் கெட்டேன். வாழ்நாள் முழுக்க மற்றவர்களை வரிசையில் நிற்கச் சொன்னவன், யாராவது வரிசை என்றால் எனக்குக் கால் தன்னாலே போய் நின்றுவிடும். நின்றேன். வரிசை நகர்ந்தது, நானும் நகர்ந்தேன். மேசையில் ஃபோன் நம்பர் கேட்டார்கள், விசாரணைக்குத் தேவைப்படும் என்று சொன்னேன். இந்த நம்பரில் அமலோற்பவமேரிக்கு முடிந்துவிட்டது, சவரியார் மட்டும் பாக்கி, ஓடிபி வந்திருக்கும் சொல்லுங்கள் என்றார்கள். வருகைப்பதிவு வாசிக்கிற பழக்கம், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறு எண்ணையும் கணீரென்று வாசித்துவிட்டேன்.

அந்தக் குரலைக் கேட்டதும் ஊசி போடுகிற பெண் நிமிர்ந்து பார்த்தது. "நேத்து ஃபோன்ல பேசுன சார் நீங்கதானே?" என்றது. அது கோபப்படவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. உட்காருங்க சார் என்றது, உட்கார்ந்தேன். சட்டையைத் தூக்குங்க என்றது, தூக்கினேன். அமலோற்பவமேரி அம்மா யாருடன் வந்தாள் என்று கேட்க வாயைத் திறந்தேன், அந்த 'அம்மா' வேறு மாதிரி வெளியே வந்துவிட்டது. போட்டாச்சு சார், அரை மணி நேரம் உக்காந்துட்டுப் போங்க என்று பஞ்சை வைத்து ஒட்டிவிட்டது. எதைப் பற்றி நான் ஆறு மாதம் ஆராய்ச்சி செய்வதாக இருந்தேனோ அந்த ஊசி என் கைக்குள் போய்விட்டது. அரை மணி நேரமும் பிளாஸ்டிக் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலிக் கிழவர், எத்தனாவது என்று விசாரித்தார், மூன்று விரலைக் காட்டினேன். போகும்போது அந்தப் பெண்ணிடம் கேட்கத்தான் செய்தேன். நேற்று இருநூறு பேர் சார், யார் முகம் ஞாபகம் இருக்கும் என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னது.

அங்கிருந்து உன் வீட்டுக்கு வந்தேன். (கை வலிக்கிறது, இனி 'தாங்கள்' எழுத முடியாது.) பூட்டியிருந்தது. நான் வருவதைப் பார்த்துவிட்டுத்தானே புருஷனும் பெண்டாட்டியும் அக்காளைக் கூட்டிக்கொண்டு கொல்லைப்பக்கமாக வயலுக்கு ஓடினீர்கள்? கொடியில் ஒரு சேலை காய்ந்தது. நீலம், மஞ்சள் கரை. போன கிறிஸ்துமஸுக்கு நான் எடுத்துக்கொடுத்த சேலை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அந்தச் சேலை பக்கத்தில் நின்றுகொண்டு எனக்கு ஏன் கண் கலங்கியது என்று தெரியவில்லை, ஊசி மருந்தாக இருக்கலாம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மாப்ள. கோபமெல்லாம் மேலுக்குத்தான். எனக்குப் பயமாக இருக்கிறது. மாவு தீர்ந்துவிட்டது, அது பரவாயில்லை. ராத்திரி செபத்தில் 'அருள் நிறைந்த மரியே' என்று நான் பாதி சொன்னால் மீதியைச் சொல்ல ஆளில்லை. பாதியிலேயே நிறுத்திவிட்டு, திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். இந்த வயதில் அவள் இனிமேல் வரவே மாட்டேன் என்று சொல்லிவிட்டால் ஊருக்கு நான் என்ன சொல்வது, எனக்கே நான் என்ன சொல்லிக்கொள்வது? ஆனாலும் நீ செய்தது தப்பு. அவளை அனுப்பாவிட்டால் உங்கள் பங்குச் சாமியாருக்கு எழுதுவேன், அவர் என் மாணவர். பொய் சொன்னதற்கு நீ அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துகொள். ஜெயராணியும் செய்துகொள்ளட்டும், அவள் தேங்காய் துருவ இடம் கொடுத்திருக்கிறாள்.

உன் வயலில் நல்ல மழை பெய்ய, உன் மாடு நிறையக் கறக்க, உன் பொய்யை ஆண்டவர் மன்னிக்க, அடைக்கல மாதாவை வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
ஊசி குத்தப்பட்ட உன் மாமா,
ம. சவரியார்

பி.கு.: உறையை ஒட்டப் போன நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம். உன் அக்கா நிற்கிறாள், கையில் ஏலாக்குறிச்சி புதுமைத் தண்ணீர் பாட்டில். எங்கிருந்து வருகிறாய் என்றேன். ஏலாக்குறிச்சியில் இருந்துதான் என்றாள். மூன்று நாள் உபவாசச் செபம், திங்கட்கிழமை வருவேன் என்று வெள்ளிக்கிழமையே என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாளாம். மூன்று நாளைக்கு ஆட்டுக்குத் தழை போடும்படி பக்கத்து வீட்டுப் பச்சையம்மாளிடமும் சொல்லியிருக்கிறாள். ஆட்டுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியவில்லையா என்றாள். மீன்சுருட்டிப் பக்கமே அவள் வரவில்லை. ஊசி போடவே இல்லை, கையைக் காட்டினாள், ஒரு புள்ளி இல்லை. செய்தியைக் காட்டினேன். நான் திட்டின திட்டில், இந்த ஆளிடம் இனி பேச முடியாது என்று அந்த நர்ஸ் பெண் ஓடிபி இல்லாமலே 'போட்டாச்சு' என்று எழுதி முடித்திருக்கும் என்றாள். சேலை ஜெயராணிக்கு அவள் கொடுத்ததாம். தேங்காயை எல்லாரும் அப்படித்தான் துருவுவார்களாம். ஆகவே மேலே நான் எழுதியதில் என் பெயரையும் தேதியையும் தவிர மற்றதை அடித்துவிட்டு வாசித்துக்கொள், மாப்ள. உன்னைப் பொய்யன் என்று எழுதியதற்கு என்னை மன்னித்துவிடு.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். செபத்தில் என்ன வேண்டிக்கொண்டாய் என்று வாஞ்சையாகத்தான் கேட்டேன். உங்களுக்கு நல்ல புத்தி வந்து என்னை ஊசி போட்டுக்கொள்ள விட வேண்டும் என்று முழந்தாளில் நின்றேன் என்றாள். சொல்லிக்கொண்டே என் கையைப் பார்த்துவிட்டாள். பஞ்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கடிதத்தை வாங்கி முழுக்க வாசித்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன், சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "எனக்குப் போடவிடாம வேணாம்னுட்டு, போய் வரிசையில நின்னு நீங்க போட்டுக்கிட்டு வந்திருக்கீங்க. எனக்குப் போடாமயே போட்டாச்சுன்னும் எழுத வச்சிட்டீங்க." கணக்கில் ஒரு தடவை ஏறிவிட்டால் மறுபடி போட மாட்டார்களே என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். "முப்பத்தாறு வருஷம் உங்ககிட்டயே உக்காந்து கேட்டதை வாங்கியிருக்கேன், அந்தப் புள்ளைகிட்ட ஒரு ஊசி வாங்க மாட்டனா?" என்று பையிலிருந்து பழைய சேலையை எடுத்துப் போட்டுவிட்டுப் புதுச் சேலையை வைத்தாள்.

ஆகையால் இந்தக் கடிதத்துக்கு நான் தபால்தலை ஒட்டவில்லை. இதைக் கொண்டுவந்து உன் கையில் கொடுப்பவள் உன் அக்காதான், இந்த முறை உண்மையாகவே உன் வீட்டுக்கு வருகிறாள், ஊசி போட்டால்தான் திரும்புவாள். ஓடிபிக்கு இனி என்னைத் தேட வேண்டாம், ஃபோனையும் எடுத்துக்கொண்டாள். பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டாளா என்று மட்டும் எனக்கு உடனே ஒரு ஃபோன் பண்ணிச் சொல் என்று எழுத வந்தேன். எந்த நம்பருக்குப் பண்ணுவாய், மாப்ள?