ஈவான் எடை கூடிய கதை

இந்த வருடம் மாமனார் முகத்தில் விழிப்பதே இல்லை என்று ஈவான் தீர்மானித்தான். இத்தனைக்கும் மாமனார் இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

அலாஸ்காவின் யூப்பிக் பழங்குடிக் குடும்பங்களில் சாவு அவ்வளவு சுலபமாக ஆளை விட்டுவிடாது. அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு இறந்தவரின் பெயரை வைப்பார்கள். பெயர் வந்துவிட்டால் ஆளும் வந்துவிட்டார். மைத்துனி ஒலிங்காவுக்குப் போன மாதம் பிறந்த பையனுக்கு அங்கல்காக் என்று பெயர் வைத்தார்கள். ஆகவே அவன்தான் இப்போது ஈவானின் மாமனார். பெற்றவளே அவனை 'அப்பா' என்றுதான் கூப்பிடுகிறாள்.

பழைய அங்கல்காக், கல்யாணமான புதிதில் நீராவிக் குளியலறையில் சுட்ட கல்லின் மேல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்து, மாப்பிள்ளையை வெளியே ஓட வைத்தவர். பொட்டுத் துணி இல்லாமல் பனியில் ஓடிய அந்த ஓட்டத்தை, சாகிறவரைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். அவர் போன பிறகுதான் ஈவான் நிமிர்ந்து நடந்தான். அதற்குள் இப்படி.

மனைவி அகாபியா சமையலறையில் மீன் வெட்டிக்கொண்டே சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை அப்பாவைப் பார்க்கப் போறோம். லீவு போட்டுடு."

"எப்படிப் போறது? ஐஸ் உருகுற நேரம். ஆத்துல பனிவண்டியும் ஓடாது, படகும் ஓடாது."

"அதுக்குத்தான் பிளேன் இருக்கு."

"உங்க ஊர் ஓடுதளம் வெறும் சரளைக்கல்லு. இப்ப கஞ்சி மாதிரிக் குழைஞ்சு கிடக்கும்."

"ராத்திரிக் குளிருக்கு இறுகிடும். விடிஞ்சதும் போறோம்."

"மூடுபனி வந்துட்டா?"

கத்தி நின்றது.

"போன தடவை மூடுபனியாலதான் ஒரு வாரம் இங்கயே உட்கார்ந்திருந்தேன். நான் போய்ச் சேர்றப்ப அப்பாவைப் பெட்டியில வச்சு மூடியாச்சு."

அந்த ஒரு வாரமும் அவள் ஜன்னலை விட்டு நகராமல், தெரியாத வானத்தையே பார்த்துக்கொண்டிருந்ததை ஈவானும் கூடவே இருந்து பார்த்தவன். அவள் போகத்தான் வேண்டும். போகட்டும். ஆனால் தானும் எதற்கு? வெள்ளிக்கிழமைக்கெல்லாம் தெற்கேயிருந்து காட்டு வாத்து வந்துவிடும். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்துச் சதுப்பில் வந்து இறங்கும். துப்பாக்கி இருக்கிறது, லீவும் இருக்கிறது, பெண்டாட்டி ஊரில் இல்லை. இப்படி மூன்றும் ஒன்றாக அமைவது அபூர்வம்.

யோசித்தான். யோசனை வந்தது.

கிராமங்களுக்குப் பறக்கிற சின்ன விமானத்தில் மூட்டைக்கு மட்டுமல்ல, ஆளுக்கும் எடை உண்டு. பூட்ஸும் அங்கியும் போட்டபடியே எல்லார் கண்ணெதிரிலும் தராசில் ஏறி நிற்க வேண்டும். சரளை இளகுகிற காலத்தில் விமானி பாரத்தைக் குறைப்பார். குறைத்தால் யாராவது ஒருத்தர் இறங்கியாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை, மீன்வலையில் கட்டுகிற ஈயக்குண்டுகளை அங்கிப் பையெல்லாம் நிரப்பிக்கொண்டு கிளம்பினான். விமானக் கொட்டகைக்குள் நுழைந்ததும், யாரும் கேட்பதற்கு முன்பே தராசில் ஏறி நின்றான்.

கவுண்டரில் இருந்த எலேனா முள்ளைப் பார்த்தாள். ஈவானைப் பார்த்தாள். அப்புறம் அகாபியாவைப் பார்த்தாள்.

"என்ன அண்ணே, ரொம்பத்தான் தேறியிருக்கீங்க?"

"எல்லாம் உங்க அக்கா சமையல். குளிர்காலம் பூரா கடல்நாய் எண்ணெய்."

"நடந்தா கலகலன்னு சத்தம் வருதே?"

"முட்டி தேஞ்சு போச்சு."

"ஐயோ பாவம். ஓடுதளம் இளகியிருக்காம் அண்ணே. ஒருத்தர்தான் போக முடியும்."

ஈவான் நெஞ்சில் கை வைத்தான். குரல் தழுதழுத்தது. தழுதழுப்பு கொஞ்சம் கூடிப்போய், பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீ போ அகாபியா. உன் அப்பா. எனக்குத்தான் மாமாவைப் பார்க்கக் கொடுத்து வைக்கல."

"மனசு கஷ்டமா இருக்காய்யா?"

"இருக்காதா பின்னே? ஒரு தடவை கையில தூக்கிட்டா போதும்னு இருந்தேன்."

"சரி சரி, அழாதே," என்று அவள் அவன் மாரைத் தட்டிக்கொடுத்தாள். ஈயம் குலுங்கியது. அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து துப்பாக்கியைத் துடைத்தான். உலர்ந்த மீனைக் கட்டினான். குடுவையில் தேநீரை ஊற்றி மூடும்போது போன் அடித்தது. எலேனா.

"அக்கா வந்தாச்சு அண்ணே. வண்டி எடுத்துட்டு வாங்க."

"ஏன், அங்க இறங்க முடியலையா?"

"இறங்கியாச்சு. திரும்பியும் வந்தாச்சு. சீக்கிரம் வாங்க, சாமான் நிறைய இருக்கு."

கொட்டகை வாசலில் அகாபியா நின்றாள். பக்கத்தில் ஒலிங்கா, நாலு மூட்டை, ஒரு தொட்டில். ஒலிங்காவின் அங்கிக்குள்ளிருந்து ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது.

"பிள்ளைக்குக் காதுல சீழ். ஒரு மாசம் இங்க ஆஸ்பத்திரியில காட்டணுமாம். தனியா வர ஒலிங்காவுக்குப் பயம். அதான் போய்க் கூட்டிட்டு வந்தேன்," என்றாள் அகாபியா. "நம்ம வீட்டுலதான் தங்கல். நாங்க ரெண்டு பேரும் ராத்திரி முழிச்சுப் பார்த்துக்கறோம். பகல்ல நாங்க தூங்கறப்ப நீ பார்த்துக்கோ. லீவுதானே?"

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா அடுப்பு சரியில்லம்பே, கூரை ஒழுகுதும்பே. இப்ப சொல்லு பார்ப்போம். காலையில இத்தனை பேர் முன்னாடி நெஞ்சுல கை வச்சு என்ன சொன்னே?"

ஒலிங்கா குழந்தையை ஈவான் கையில் வைத்தாள். "அப்பா, மாப்பிள்ளை வந்திருக்காரு பாருங்க."

கனமே இல்லை. பதினெட்டு வருடம் அந்தக் கிழவர் பார்வைக்கு எதிரே நிற்க முடியாமல் நெளிந்தவன், முதல் தடவையாக அவரைக் கையில் ஏந்தி நின்றான். குழந்தை அவனை ஏற இறங்கப் பார்த்தது. அதே பார்வைதான்.

"வாங்க மாமா," என்றான். சத்தம் பாதிதான் வந்தது. இந்தத் தடவை அவன் நடிக்கவில்லை.

அகாபியா குனிந்து குழந்தையின் உச்சியை முகர்ந்தாள். நிமிர வெகுநேரம் ஆயிற்று. மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு மூட்டையைத் தூக்கினாள்.

வண்டிக்கு நடக்கும்போது ஈவானுக்கு ஒரு சந்தேகம்.

"ஒருவேளை என் எடை சரியா இருந்து, நானும் ஏறியிருந்தா? வர்றப்ப இவங்களுக்கு இடம் இருந்திருக்காதே?"

"உனக்கு டிக்கெட்டே எடுக்கலையே."

"அப்புறம் எதுக்கு என்னை எடை போட்டாங்க?"

"யாரு போட்டா? நீயாத்தான் ஏறி நின்னே."