மெய்யோ அண்ணைக்குள் வைத்த விதைகள்

யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதி முழுவதையும் சல்லடை போட்டுத் தேடினாலும் மெய்யோ அண்ணையைப் போல ஒருவரையும் நம்பாத மனிதரைக் கண்டுபிடிக்க முடியாது. நான் இப்படி எழுதுவதையும் அவர் நம்பமாட்டார். "நெடுந்தீவிலயும் போய்த் தேடினனீரோ?" என்று கேட்பார்.

வேலணையில் என் பக்கத்து வளவுக்காரர். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கிறது. தபால்காரரைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. யார் என்ன சொன்னாலும் அவருடைய முதல் வார்த்தை "மெய்யோ?" என்பதுதான். "அண்ணை, மழை பெய்யுது" என்றால், நனைந்துகொண்டு நின்றே "மெய்யோ?" என்பார்.

ஒருமுறை நயினாதீவுக்குப் போகக் குறிகட்டுவானில் படகுக்கு நின்றோம். மிதவைச் சட்டையைத் தந்தார்கள். அண்ணை அதை முகர்ந்து பார்த்தார், பிதுக்கிப் பார்த்தார்.

"தம்பி, இது மிதக்குமோ?"

"ஓம் அண்ணை, வடிவா மிதக்கும்" என்றான் படகுக்காரன்.

"மெய்யோ?" என்று கேட்ட கையோடு சட்டையைத் தூக்கிக் கடலில் எறிந்துவிட்டார். அது மிதந்தது. மிதந்தபடியே அனலைதீவுப் பக்கமாகப் பயணப்படவும் தொடங்கியது. அதைப் பிடித்துவர இன்னொரு படகு போகவேண்டியிருந்தது. நாங்கள் கோயிலுக்குப் போய்ச் சேரப் பூசை முடிந்துவிட்டது. பூசை முடிந்ததென்று ஐயர் சொன்னபோதும், "மெய்யோ?"

அவர் பிறக்கும்போதே இப்படி இல்லை. இளவயதில் தெற்கே ஓர் ஊரில் கடை வைத்திருந்தார். கலவரம் வரப்போகிறது என்ற கதை அடிபட்ட அன்று, பக்கத்துக் கடைக்காரன் "ஒன்றும் நடக்காது, பூட்டிவிட்டுப் போய்ப் படுங்கள்" என்று சொல்லியிருக்கிறான். இவரும் போய்ப் படுத்துவிட்டார். விடிந்தபோது கடை இருந்த இடத்தில் சாம்பல்தான் இருந்தது. அந்த ஒரு தடவை கேட்காமல் விட்ட "மெய்யோ"வைத்தான் மிச்ச ஆயுள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது என் எண்ணம்.

இப்படிப்பட்ட மனிதருக்கு நோய் வந்தால் என்ன ஆகும்? சிறுநீர் சரியாகப் போகவில்லை என்று யாழ்ப்பாணத்துக்கு அழைத்துப் போனேன். இரத்தம் சோதித்ததில் சந்தேகம். அண்ணைக்கோ அந்தச் சோதனையிலேயே சந்தேகம். எனக்குச் சொல்லாமல் இன்னோர் ஆய்வுகூடத்துக்குப் போய் இரண்டாம் தடவை இரத்தம் கொடுத்துவிட்டார். அதுவும் என்னுடைய பெயரில், என்னுடைய தொலைபேசி இலக்கத்தில். ஆய்வுகூடத்தார் என் வீட்டுக்கு அழைப்பெடுத்து, "அவரை உடனே டொக்டரிட்டைக் காட்டுங்கோ" என்றார்கள். நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தால் வந்தபோது, என் மனைவி நாகபூசணி அம்மனுக்கு நேர்த்தி வைத்து அழுது முடித்து, என் வெள்ளை வேட்டியைத் தோய்த்துக் காயப்போட்டிருந்தாள்.

"உம்மட பேரிலயும் அதே முடிவு வந்தபடியா இனி நம்பலாம்" என்றார் அண்ணை, ஏதோ எனக்கு உபகாரம் செய்தவர்போல.

பிறகு துண்டெடுத்துச் சோதித்ததில் புரஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று உறுதியானது. நல்லகாலம், பரவவில்லை. அன்று பின்னேரம் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று கதைத்தார். மனைவி காலமானபின் மகள் சுமதியோடுதான் அவர் இருந்தார். எத்தனையோ வருடம் பிள்ளையில்லாமல் இருந்த சுமதிக்கு அப்போதுதான் வயிற்றில் தங்கியிருந்தது.

"மாஸ்டர், எனக்கு வேற ஒண்டும் வேண்டாம். அந்தப் பிள்ளையை ஒருக்காத் தூக்கவேணும்."

அவர் வாயிலிருந்து சந்தேகம் கலக்காமல் வந்த வசனத்தை அன்றைக்குத்தான் கேட்டேன்.

சென்னையில் ஒரு மருத்துவமனையில் விதை வைத்தியம் செய்யலாம் என்றார்கள். அரிசிமணியை விடச் சிறிய உலோகக் குழல்கள், உள்ளே கதிர்வீச்சுப் பொருள். ஊசியால் சுரப்பிக்குள் வைத்துவிட்டால் அங்கேயே இருந்து நோயைச் சுட்டுக்கொல்லும். கடவுச்சீட்டு, விசா, காசு என்று எல்லாம் ஒழுங்காக மாதங்கள் ஓடிவிட்டன; நானும் துணைக்குப் போனேன். போய்ச் சேர்ந்த பிறகு அண்ணை கட்டிலில் ஏறமாட்டேன் என்று நின்றார்.

"விதை எண்டு சொல்லி வெறும் கம்பித்துண்டை வைச்சா எனக்கு எப்பிடித் தெரியும்?"

பெரிய டாக்டர் விளக்கினார். "மெய்யோ?" மறுபடியும் விளக்கினார். மறுபடியும் "மெய்யோ?" டாக்டரின் முகம் சிவந்தது. கடைசியில் கதிர்வீச்சை அளக்கும் பெண்ணைக் கூப்பிட்டு, "இவரை நீயே பாத்துக்கோம்மா" என்று தப்பித்துக்கொண்டார். அவள் பெயர் நித்யா. சிரிப்பே இல்லாத முகம். அண்ணையைத் தன் அறை வாசலில் நிறுத்திவைத்துப் பேசினாள்.

"ஐயா, விதையோட பலம் இவ்வளவுன்னு கம்பெனிக்காரங்க எழுதி அனுப்புவாங்க. அதை நாங்க நம்ப மாட்டோம். எடுத்து இந்த மெஷின்ல போட்டு நாங்களே அளப்போம்."

"மெசின் பிழையெண்டா?"

"அதையும் நம்ப மாட்டோம். பலம் தெரிஞ்ச வேற ஒண்ணை வச்சு அடிக்கடி சரிபார்ப்போம்."

"அந்த வேற ஒண்டு பிழையெண்டா?"

"அதுக்குன்னு தனியா ஒரு இடம் இருக்கு. அங்க அனுப்பிச் சரிபார்ப்போம்."

"வைச்சு முடிஞ்ச பிறகு?"

"படம் எடுத்து எண்ணுவோம். மீட்டரை எடுத்துக்கிட்டு ரூம் முழுக்க அலசுவோம், ஒண்ணு கீழ விழுந்திருந்தாலும் தப்பாதபடி. படுக்கை விரிப்பு, குப்பைக்கூடை, டாக்டர் செருப்போட அடிப்பக்கம் வரைக்கும்."

"டொக்டரின்ர செருப்போ? டொக்டரையும் நம்புறேல்லையோ?"

"யாரையும் நம்ப மாட்டோம் ஐயா."

அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். தொலைந்துபோன சொந்தக்காரரைச் சந்தைக்குள் கண்டவர்போல முகம் மலர்ந்திருந்தது. "மாஸ்டர், நான் படுக்கிறன்" என்றார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. திரும்பிவரும்போது பலாலி விமான நிலையத்தில், மருத்துவமனை கொடுத்த அட்டையை நீட்டி, "எனக்குள்ள கதிர்வீச்சு இருக்கு" என்று அறிவித்தார். அங்கிருந்தவர் அட்டையைப் பார்த்துச் சிரித்து, "சரி ஐயா, போங்கோ" என்றார். அண்ணைக்கு அவமானமாகப் போய்விட்டது. "சண்டை நடந்த நாளையில வெறும் சாப்பாட்டுப் பெட்டியைக்கூடத் திறந்து கிண்டிப் பாத்தவங்கள். இப்ப உண்மையான சாமானோட வாறன், போங்கோவாம்!"

ஆனால் உண்மையான சந்தேகம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தொடங்கியது. சந்தேகப்பட்டது தன்னையே. கொஞ்சக் காலத்துக்குக் கர்ப்பிணிகளோடு ஒட்டி உட்கார வேண்டாம், குழந்தைகளை நெடுநேரம் மடியில் வைத்திருக்க வேண்டாம், ஒரே வீட்டில் இருப்பதில் பிரச்சினையில்லை என்றுதான் மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். அண்ணை சுமதியின் வீட்டுப் படலைகூடத் திறக்கவில்லை. பெட்டியோடு நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

வந்ததும் கொட்டிலைப் பார்த்தார். "உந்த ஆடு சினையோ?"

"ஓம் அண்ணை."

"பிறகேன் காணும் முதலே சொல்லேல்லை!" என்று முன்னறையை விட்டுப் பின்பக்கத்து அறைக்குப் பாய்ந்தார். ஆட்டைக் குளிப்பாட்டக் கொண்டுபோனால்கூட எனக்கு முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும் என்பது அவருடைய உத்தரவு.

விதை ஒன்று தவறிச் சிறுநீரோடு வெளியே வரக்கூடும், வடித்துப் பாருங்கள் என்றும் அங்கே சொல்லியிருந்தார்கள். அண்ணை எதில் வடித்தார் என்பது ஒரு காலை எனக்குத் தெரியவந்தது. குசினிக்குள் தேத்தண்ணி வடியைக் காணவில்லை என்று என் மனைவி தேடிக்கொண்டிருந்தாள். பின்னறைக்குள்ளிருந்து, "மாஸ்டர், வந்திட்டுது!" என்று ஒரு கூக்குரல். வடிக்குள் மினுக்கமாகச் சின்னஞ்சிறு துண்டு ஒன்று கிடந்தது. கையால் தொடவில்லை, கரண்டியால் எடுத்தார். ஈயம் கதிரைத் தடுக்கும் என்று, அல்லைப்பிட்டி மீன்பிடிக்காரர் ஒருவரிடம் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகள் வாங்கி ஆயத்தமாக வைத்திருந்தார். பால்மாத் தகரப்பேணிக்குள் அந்தக் குண்டுகளை நிரப்பி, நடுவில் துண்டைப் புதைத்து மூடுவதற்கு முன், படமெடுத்து நித்யாவுக்கு அனுப்பினோம். உடனே அழைப்பு வந்தது.

"ஐயா, இது விதை இல்லை. உங்க வடிகட்டியைக் கொஞ்சம் உத்துப் பாருங்க."

பார்த்தோம். வடியின் கம்பிதான் ஓர் ஓரத்தில் இற்றுப்போய் உடைந்திருந்தது. என் மனைவி அன்றைக்கே புதிய வடி வாங்கினாள். இன்றைக்கும் அதை அலுமாரிக்குள் பூட்டித்தான் வைக்கிறாள்.

அந்தக் கிழமையே சுமதிக்குப் பெண்குழந்தை பிறந்தது. ஊரெல்லாம் போய்ப் பார்த்தது. அண்ணை போனார், படலைக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார், திரும்பி வந்துவிட்டார். சுமதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வர வர, இவர் ஒழுங்கைப் பாதையில் பின்னால் பின்னால் போனார். பின்னேரம் வேலியோரம் நின்று அவள் அழுதாள்.

"மாஸ்டர், அப்பாக்குப் பொம்பிளைப்பிள்ளை எண்டு பிடிக்கேல்லையோ? ஒருக்கா வந்து தொட்டும் பாக்கேல்லை."

உள்ளே வந்து அண்ணையிடம் சண்டை பிடித்தேன். எனக்கு உண்மையிலேயே கோபம். "கொஞ்ச நேரம் தூக்கலாம் எண்டு அவையள் சொன்னவையெல்லோ!"

"சொன்னவை. அளந்து பாத்தே சொன்னவை?" கண்கள் கலங்கியிருந்தன. "கடையெண்டா எரிஞ்சு போகட்டும் மாஸ்டர். இது பிள்ளையெல்லோ."

மறுபரிசோதனைக்கு அவரோடு சென்னைக்குப் போனேன். படம் எடுத்தார்கள், விதைகள் எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தன. பிறகு நித்யா மீட்டரை அவருக்குக் கிட்டப் பிடித்தாள், எட்டப் பிடித்தாள், குழந்தையை வைத்திருப்பதுபோலத் தலையணை ஒன்றைக் கையில் கொடுத்து அதற்கு அப்பாலும் பிடித்தாள். "தாராளமா தூக்கிக் கொஞ்சுங்க ஐயா."

அண்ணை வாயைத் திறந்தார். நான் காத்திருந்தேன். ஒன்றும் கேட்காமல் மூடிக்கொண்டார்.

ஊருக்கு வந்து பெட்டியைக்கூட இறக்காமல் நேரே சுமதியின் வீட்டுக்குள் போய்க் கையை நீட்டினார். "கொண்டா பிள்ளை, இனித் தூக்கலாம்."

சுமதி குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓர் அடி பின்னால் வைத்தாள். "மெய்யோ அப்பா?"

நான் திடுக்கிட்டுப்போனேன். அண்ணை சிரித்த சிரிப்பில் கொட்டிலில் நின்ற என் ஆடு கத்தியது. "மெய்தான் பிள்ளை. அளந்து பாத்தவை" என்று சொல்லிப் பேத்தியை வாங்கினார். வாங்கியதும் சிரிப்பு அழுகையாக மாறியது. அதைப் பார்த்து நானும் அழுதேன். எனக்குப் பக்கத்து வளவில் இப்படி ஒரு மனிதர் வாய்த்திருக்கிறாரே என்றுதான். மெய்யோ என்று அவர் கேட்டால், மெய்தான் அண்ணை.