மாமியார் மார்த்தா ஊட்டிய இனிப்பு

பெருமக்களே, அருகே வாருங்கள்! நோய் வந்ததையே குற்றமாக்கி, ஒரு மனிதனைச் சொந்த வீட்டிலேயே கைதியாக்கிய கொடுமையைக் கண்ணால் காண வாருங்கள்!

வடதுருவத்தை ஒட்டிய இவலோ ஊர். கதிரவன் எட்டிப் பாராத டிசம்பர். நடுப்பகலிலும் நீலமாய் இருண்டு கிடக்கும் மரவீட்டுச் சமையலறையில், பனி வாரும் வண்டி ஓட்டி ஓய்வுபெற்ற உர்போ, பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பியின் முன் அமர்ந்திருந்தான். எதிரே மனைவி ஹில்க்கா. நடுவே அவளுடைய கைப்பேசி அலறிக்கொண்டிருந்தது.

"என்ன தின்ன?"

"காப்பி."

"காப்பி குடிச்சா பதினாலு காட்டுமா? பத்தைத் தாண்டினாலே ஆபத்துன்னு தெரியுமில்ல?"

"வாயத் திறக்கறேன், மோந்து பாரு."

ஹில்க்கா குனிந்து மோந்து பார்த்தாள். காப்பி வாசனையைத் தவிர வேறொன்றும் இல்லை. அதுதான் அவளுக்கு முதலில் உறுத்தியது.

சர்க்கரை நோய் நர்ஸ் தைனா, போன வாரம்தான் உர்போவின் மேற்கையில் நாணயமளவு கருவியொன்றை ஒட்டினாள். இரத்தத்தின் சர்க்கரையை அது கைப்பேசிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்; அந்நாட்டுக் கணக்கில் அது நாலுக்கும் பத்துக்கும் இடையே நிற்க வேண்டும். பனிப்புயலுக்குள் வண்டி ஓட்டியவன், அதன் ஊசியைக் கண்டு நடுங்கினான். "சின்னப் புள்ளையா நீ? மொதல்ல எனக்குக் குத்திக் காட்டுங்க, பாக்கட்டும்" என்று ஹில்க்கா தன் கையை நீட்டிய பிறகே பணிந்தான். கைப்பேசியைக் கருவியோடு இணைத்துத் தருகிறேன் என்ற தைனாவையும் அவள் விடவில்லை. "படம் போட்ட தாள் இருக்கே, நானே பண்ணிக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டாள்.

கிளம்பும்போது தைனா அழுத்திச் சொன்னாள்: "நம்பரும் மனுசரும் ஒத்துப்போகலேன்னா, மனுசரை நம்புங்க. விரல்ல குத்திப் பாருங்க. எனக்கு ஒரு போன் போடுங்க."

ஹில்க்கா தலையாட்டினாள். ஆனால் பிறரைத் தொந்தரவு செய்வது அவ்வூரில் பெரும்பாவம். வீடு பற்றியெரிந்தாலும் தீயணைப்போரின் காப்பி நேரம் முடியட்டும் என்று காத்திருக்கும் பண்பு அது. எனவே அவள் தானே நீதிபதியானாள், தானே சிறைக்காவலருமானாள்.

முதலில் கறுப்பு ரொட்டி தடை செய்யப்பட்டது. எண் ஏறியது. உருளைக்கிழங்கு போயிற்று. எண் இன்னும் ஏறியது. கிறிஸ்துமஸுக்காக அவள் சுட்டு வைத்திருந்த, பிளம்ஸ் பழப்பாகு வைத்த நட்சத்திரப் பலகாரங்கள் தகர டப்பாவில் அடைக்கப்பட்டு, நீராவிக் குளியலறைக்கு நாடு கடத்தப்பட்டன. சாவி அவள் கழுத்தில் தொங்கியது. டப்பாவில் இடம் போதாமல் தட்டில் எஞ்சியவற்றை, கணவனின் கண்ணில் படக்கூடாதென்று, ஜன்னலோரம் நின்று ஒரு துறவியின் முகத்தோடு அவளே தின்று தீர்த்தாள்.

சிறிது நேரத்தில் கைப்பேசி அலறியது.

உர்போ எதிரே நாற்காலியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். கைகள் மடியில் கிடந்தன; உதட்டில் ஒரு துணுக்கும் இல்லை. ஆனால் எண் அவள் கண்ணெதிரே படியேறிக்கொண்டிருந்தது.

"தூங்கறவனுக்கு யாரு ஊட்டறா?" என்று முணுமுணுத்தாள்.

சுவரில் மாமியார் மார்த்தாவின் படம் புன்னகைத்தது. உயிரோடிருந்தவரை, மருமகள் திரும்பும் போதெல்லாம் மகன் கையில் சர்க்கரைக் கட்டியைத் திணித்தவள் அவள். இறந்து மூன்றாண்டு ஆகிறது.

ஹில்க்கா படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். எண் இறங்கவில்லை. படத்தைக் கழற்றிக் குளியலறைக்குக் கொண்டுபோய், டப்பாவின் அருகே வைத்தாள். படபடப்பு அடங்கட்டுமென்று ஒரு பலகாரத்தை எடுத்து வாயில் போட்டாள், இன்னொன்றையும் போட்டாள். ஆளில்லாத அந்த இருட்டறையில், அவளுடைய மேலங்கிப் பைக்குள்ளிருந்து கைப்பேசி வீறிட்டது.

"சரி கிழவி!" என்றாள் படத்தைப் பார்த்து. "நீ ஊட்டிக்கிட்டே இரு, நான் குத்திக்கிட்டே இருக்கேன். யாரு ஜெயிக்கறான்னு பாத்துடலாம்!"

ஐயகோ, பெருமக்களே! நர்ஸிடம் ஒரு சொல் கேளாமல், உர்போ தினமும் குத்திக்கொள்ளும் இன்சுலின் பேனாவின் அளவுத் திருகை அவள் கூட்டித் திருகினாள். பட்டினி கிடந்த மனிதனின் வயிற்றில் குத்தினாள்.

உர்போவின் முகம் ஜன்னலுக்கு வெளியே கிடந்த பனியைப் போல் வெளுத்தது. நெற்றியில் குளிர்ந்த வியர்வை அரும்பியது. அவன் தன் பழைய தொலைபேசியைத் தடவி எடுத்து ஏதோ அமுக்கினான்.

"அம்மா... பசிக்குதும்மா. இவ ஒண்ணும் தர மாட்டேங்கறா." சற்று நேரம் கேட்டான். "சரிம்மா... வா."

ஹில்க்கா அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "யாருகிட்ட பேசின?"

"அம்மாகிட்ட. வர்றாங்களாம்."

 அடுப்பில் காப்பி முனகியது. பிறகு, வெளியே பனியை நெரித்துக்கொண்டு காலடி ஓசை நெருங்கியது. கதவு தட்டப்பட்டது. கண்ணாடிக்கு அப்பால், தலைமுதல் கால்வரை வெள்ளையாய் ஒரு பெண்ணுருவம்.

"மார்த்தா!" என்று அலறினாள் ஹில்க்கா. "உன் படத்தைத் திரும்ப மாட்டிடறேன்! உன் புள்ளைய மட்டும் கூட்டிக்கிட்டுப் போயிடாத!"

"தைனா வந்திருக்கேன்! மொதல்ல கதவைத் திறங்க!"

பனியை உதறிக்கொண்டு நர்ஸ் பாய்ந்து உள்ளே வந்தாள். "என் நம்பரைப் போட்டு, என்னைப் போய் அம்மான்னு கூப்பிட்டு, பசிக்குதுன்னாரு. எங்கயோ தப்பு நடக்குதுன்னு அப்பவே காரை எடுத்தேன்." உர்போவின் விரலில் குத்திப் பார்த்தவளின் முகம் மாறியது. "ரெண்டுதான் இருக்கு! பழச்சாறு எங்க?"

தானே அலமாரியைத் திறந்து எடுத்து, மடக்கு மடக்காகக் குடிக்க வைத்தாள். மெல்ல மெல்ல உர்போவின் உதட்டில் நிறம் திரும்பியது. "யாரு... தைனாவா?" என்றான்.

ஹில்க்கா தேம்பினாள். "ரெண்டா? பொய்! இங்க பாருங்க, பதினெட்டுன்னு காட்டுது. அவன் சாவறதுக்குக் கிடந்தப்பவும் இது ஏறிக்கிட்டேதான் இருந்துச்சு. இந்த வீட்ல பேய் இருக்கு தைனா!"

தைனா கைப்பேசியைப் பார்த்தாள். பிறகு, ஹில்க்காவின் கம்பளிச் சட்டையில் ஒட்டியிருந்த பலகாரத் துணுக்குகளைப் பார்த்தாள்.

"அன்னிக்கு உங்க கையில ஒண்ணு ஒட்டினேனே. சாயங்காலமே பிச்சுப் போட்டுடுங்கன்னு சொன்னேனே. போட்டீங்களா?"

"அதுவா? சும்மா காட்டறதுக்கு ஒட்டினதுதானே... தானா விழட்டும்னு விட்டுட்டேன்."

தைனா அவள் சட்டைக் கையை மெல்லச் சுருட்டினாள்.

"போன் அவரு கைக் கருவியோட சேரவே இல்ல ஹில்க்கா, உங்க கையில இருக்கறதோடதான் சேர்ந்திருக்கு. இந்தப் பதினெட்டு உங்களோடது."

பெருமக்களே! உங்கள் வீட்டிலும் நோயாளிக்குக் காவல் நிற்கும் ஒருவர் இருப்பார். எழுந்து போங்கள், இன்றே அவர் சட்டைக் கையைச் சுருட்டிப் பாருங்கள்!