ஐம்பது வோல்ட் விசாரணை

1928-ல் எங்கள் ஈப்போ குமாஸ்தாக்கள் சங்கத்துக்கு ரேடியோ பெட்டி வந்தது. அப்போது ரேடியோ இல்லாத சங்கத்தை யாரும் சங்கமாக மதிப்பதில்லை. வயர்மேன் யேசுதாசன் கம்பி பூட்டினான். நூறு வோல்ட் பேட்டரியை இரண்டு கம்பிச் சுருள்களால் பாதியாக்கி, பெட்டிக்கு ஐம்பது கொடுத்தான். பெட்டி பாடியது. முறைப்படி அளப்பதற்கு முன்பே பாடவிட்டதுதான் அவன் செய்த குற்றம்.

பேட்டரி இலாகா அதிகாரி கார்த்திகேசு, முத்திரை குத்திய வோல்ட்மீட்டரோடு எழுந்தருளினார். மாட்டினார். முள் முப்பத்துமூன்றில் நின்றது. பாட்டும் நின்றது.

"மிச்சம் பதினேழு வோல்ட் எங்கே?"

"ஐயா, முள்ளு அசையவே கரண்டு வேணும்லா. இந்தச் சுருள் வழியா வாரதே கொஞ்சம். அதையும் உங்க மீட்டரே குடிச்சிடுது. எடுத்துட்டா ஐம்பது இருக்கும்."

"மீட்டரை எடுத்துவிட்டால் ஐம்பது என்று எப்படிப் பார்ப்பது?"

"காதால கேளுங்கய்யா." மீட்டரைக் கழற்றினான். பெட்டி பாடியது.

"பாட்டு சாட்சியாகாது" என்றார் கார்த்திகேசு.

யேசுதாசனுக்கு வேலை போனால் குடியிருக்கும் குவார்ட்டர்ஸும் போகும். நிறைமாத மனைவி எல்ஸியோடு செமோர் ரப்பர் தோட்டத்துக்கே திரும்பிப் பால்மரம் வெட்ட வேண்டும்.

மேல்விசாரணைக்குக் கம்பி இலாகாவும் கட்டட இலாகாவும் தத்தம் மீட்டரோடு வந்தன. இரண்டாவதாக அளக்க எந்த அதிகாரியின் கௌரவமும் இடம் தரவில்லை. ஆகவே மூவரும் ஒரே நேரத்தில் மாட்டினார்கள். மூன்று முள்ளும் இருபதில் நின்றன. அந்த மூன்று இலாகாக்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுவே முதல் தடவை.

"விசாரணை நடக்கும்போதே இன்னும் பதின்மூன்று வோல்ட் திருடியிருக்கிறான்!" என்று கார்த்திகேசு கொதித்தார்.

யேசுதாசன் என் பக்கம் திரும்பினான். நான் சங்கச் செயலாளர், குறிப்பெழுத உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணே, மீட்டரை எடுத்தப்போ பாடிச்சே, நீங்க கேட்டீங்கதானே? சொல்லுங்கண்ணே!"

கேட்டேன். நன்றாகவே கேட்டேன். மூன்று அதிகாரிகளும் என்னைப் பார்த்தார்கள். அச்சடித்த விசாரணைப் பாரத்தில் பாட்டு எழுத இடமில்லை. இருபது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

யேசுதாசன் இப்போது செமோரில் பால்மரம் வெட்டுகிறான். இனியும் வோல்ட் களவு போகாதிருக்க மூன்று மீட்டர்களையும் பெட்டியிலேயே நிரந்தரமாகப் பூட்டிவிட்டார்கள். நாங்கள் மாலைதோறும் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து, ஊமைப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து, "இருபது, குறையலலா" என்று சொல்லி மகிழ்கிறோம். முழுப் பாதுகாப்புக்காக நாலாவது மீட்டர் கேட்டு மனுப் போட்டிருக்கிறோம். முதல் கையெழுத்து என்னுடையது.