இடது கைக்குக் கிடைத்த முள்கரண்டி

என் வலது கையில் மூன்று விரல்கள்தான் இருக்கின்றன. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். முன்பு ஒருமுறை சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விட்டு நான் பட்ட பாடுதான் இந்தக் கட்டுரை.

சுட்டுவிரலும் நடுவிரலும் பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் போயின. பெங்களூரை அடுத்த ஆனேக்கல் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் மெஷினில் வேலை. ஒரு நொடி கவனம் தப்பியது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்னை ஸ்டோர் ரூமில் உட்கார வைத்தார்கள். வேலை பழகிவிட்டது. பழகாதது சாப்பாடு. சோற்றைப் பிசைந்து எடுத்தால் வாய்க்கு வருவதற்குள் பாதி இடைவெளி வழியாகத் தட்டுக்கே திரும்பிப் போய்விடும். அதனால் வீட்டில் இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுவேன். வெளியில் சாப்பிடுவதே இல்லை. கல்யாண வீடுகளில் "சுகர் இருக்குங்க" என்று சொல்லிவிட்டு பந்தி ஆரம்பிக்கும் முன்பே கிளம்பிவிடுவேன். (எனக்கு சுகர் கிடையாது. நல்ல பசி மட்டும் உண்டு.)

என் மகள் மஞ்சுவுக்கு ஓசூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பெயர் சதீஷ். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. அவனுடைய அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். என் மனைவி சாந்தியின் தம்பி குமார்தான் இந்த வரனைக் கொண்டுவந்தான். கூடவே ஒரு நிபந்தனையும் கொண்டுவந்தான்.

"மாமா, கையைப் பத்தி மட்டும் இப்ப வாயைத் தொறக்காதீங்க. தாரை வார்க்கிற கை அது. ஊனமான கைன்னு யாராவது ஒருத்தர் ஆரம்பிச்சா போதும், சம்பந்தம் நின்னுடும். தேதி குறிச்ச அப்புறம் நானே பக்குவமா சொல்றேன்."

"சொல்லிடலாம்பா, இதுல என்ன இருக்கு?" என்றாள் மஞ்சு.

"நீ சும்மா இருடி," என்றாள் சாந்தி.

நானும் சும்மா இருந்தேன். சும்மா இருப்பதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

பெண் பார்க்க வந்த அன்று மூன்று மணி நேரமும் வலது கையில் அன்றைய செய்தித்தாளைச் சுருட்டி வைத்திருந்தேன். வணக்கம் சொன்னதும் செய்தித்தாளோடுதான். (பெண்ணின் அப்பா நிறையப் படிக்கிறவர் என்று பேசிக்கொண்டார்களாம். நான் பத்தாவது.) காபியை இடது கையால் வாங்கிக் குடித்துச் சமாளித்தேன். அவர்களுக்கு மஞ்சுவைப் பிடித்துவிட்டது. மஞ்சுவுக்கும் சதீஷைப் பிடித்துவிட்டது. அது அவள் முகத்தில் தெரிந்தது. அதுதான் எனக்கு பயத்தைக் கொடுத்தது.

அடுத்த வாரம் பையனின் அப்பா ஃபோன் செய்தார். "அடுத்த ஞாயித்துக்கிழமை வரோம். உங்க வீட்ல கை நனைச்சுட்டு தேதியைப் பேசிடலாம்."

சம்பந்தம் உறுதியான பிறகுதான் பெண் வீட்டில் சாப்பிடுவார்கள். அதற்குப் பெயர்தான் கை நனைப்பது. சந்தோஷமான செய்தி. எனக்கு மட்டும் இல்லை. இலை போட்டு, சம்பந்தியோடு உட்கார்ந்து, சோறு பிசைந்து சாப்பிட வேண்டும். செய்தித்தாளைப் பிசைய முடியாது. இடது கையால் சாப்பிட்டால் அதைவிட அசிங்கம்.

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் ஸ்டோர் ரூமில் பித்தளைத் திருகாணிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது மின்னல் வெட்டியதுபோல் ஒன்று நினைவுக்கு வந்தது. முன்பு ஒருமுறை எங்கள் தொழிற்சாலையைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் ஆறு பேர் வந்தார்கள். கேன்டீனில் அவர்களுக்கு விருந்து. ஆறு பேரும் முள்கரண்டியை இடது கையில் பிடித்து, இடது கையாலேயே வாயில் வைத்துக்கொண்டார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. எங்கள் மேனேஜர், "அதுதான் முறை" என்று வேறு சொன்னார்.

இடது கையால் சாப்பிடுவது மரியாதை என்று ஒரு ஊர் இருக்கிறது! அந்த ஊர் முறைப்படி சாப்பாடு போடும் ஹோட்டல் எலெக்ட்ரானிக் சிட்டியில் இருக்கிறது! சம்பந்திக்கு நானே ஃபோன் செய்து, "பசங்க காலத்துக்கு ஏத்த மாதிரி ஹோட்டல்ல வெச்சுக்கலாமே" என்றேன். என் வாழ்க்கையில் நானாக யாருக்காவது ஒரு யோசனை சொன்னது அதுதான் முதல் தடவை. கடைசித் தடவையும் அதுதான்.

நாலு நாள் இடது கையில் முள்கரண்டி பிடித்துப் பயிற்சி எடுத்தேன். இட்லி, உப்புமா, வாழைப்பழம் எல்லாவற்றையும் குத்தி எடுத்தேன். சாந்தி பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்றாள். இட்லிக்குக் கத்தி தேவையில்லை என்பதை நானும் கவனிக்கவில்லை, அவளும் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. பேன்ட் பைக்குள் வலது கையை விட்டபடியே ஹோட்டலுக்குள் நுழைந்தேன். நீள மேஜை. எதிரில் சதீஷ், அவன் அம்மா, அப்பா. இந்தப் பக்கம் நாங்கள் மூவரும் குமாரும். தட்டுக்கு இடப்பக்கம் முள்கரண்டி, வலப்பக்கம் கத்தி. கத்தியை அப்போதுதான் முதன்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

"சம்பந்தி, சிஸ்லர் சாப்ட்ருக்கீங்களா?" என்றார் சதீஷின் அப்பா. "சதீஷ் சொல்றான், இங்க அதுதான் ஸ்பெஷலாம். எல்லாருக்கும் அதையே சொல்லிடலாம்."

அவர் என்னைச் சம்பந்தி என்று கூப்பிட்ட சந்தோஷத்தில் தலையை ஆட்டிவிட்டேன்.

சிஸ்லர் என்பது இரும்புத் தட்டு. அடுப்பிலிருந்து நேராக எடுத்து, ஒரு மரப்பலகையில் வைத்து, புகையும் சத்தமுமாகக் கொண்டுவருகிறார்கள். அதன்மேல் நூடுல்ஸ், முட்டைக்கோஸ், சிவப்பு சாஸ். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரே துண்டாகக் கோழி. அதை முள்கரண்டியால் குத்தித் தூக்கினேன். முழுத் துண்டும் கூடவே வந்தது. திரும்ப வைத்தேன். முள்கரண்டியின் விளிம்பால் அறுத்தேன். அது அசையவில்லை.

சதீஷின் அப்பா கனிவாகச் சொன்னார். "கத்தியை வலது கையில எடுங்க சம்பந்தி. முள்ளால அமுக்கிப் பிடிச்சிட்டு அறுங்க. எனக்கும் பையன்தான் சொல்லிக் குடுத்தான்."

எல்லோரும் பார்த்தார்கள். புகை இன்னும் அடங்கவில்லை. அந்தப் புகையை நம்பி வலது கையை வெளியே எடுத்தேன். கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் கத்தியைச் செருகி அழுத்தினேன். கத்தி திரும்பிக்கொண்டது. இரும்புத் தட்டு பலகையிலிருந்து நழுவி சதீஷின் அம்மா பக்கம் போனது. நான் யோசிக்காமல் வலது கையால் அதைப் பிடித்தேன்.

"ஆ!" என்று கத்திக்கொண்டு கையை மேலே தூக்கினேன். கை முழுக்கச் சிவப்பு சாஸ். நடுவில் இரண்டு விரல் இல்லை. பக்கத்தில் கத்தி.

வெயிட்டர் அதைப் பார்த்தார். "ஐயோ, பெரளு! பெரளு கட் ஆகோய்த்து!" என்று கன்னடத்தில் அலறினார். ஹோட்டல் முழுக்க எழுந்து நின்றது. மேனேஜர் ஒரு வாளியில் ஐஸோடு ஓடிவந்தார். "விரலைத் தேடுங்க! ஐஸ்ல போட்டு எடுத்துட்டுப் போனா ஒட்டிடுவாங்க!" வெயிட்டர் என் நூடுல்ஸை இடுக்கியால் கிளற ஆரம்பித்தார். பக்கத்து மேஜையில் ஒரு அம்மா தன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அது வரவில்லை. கையைத் தூக்கியபடி, பள்ளிக்கூடத்தில் விடை தெரியாமல் கை தூக்கிய பையன் மாதிரி நின்றேன். சாந்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள், நான் சொல்வேன் என்று மஞ்சு என்னையே பார்த்தாள். குமார் மெனு அட்டைக்குப் பின்னால் போய்விட்டான்.

கீழே குனிந்து பார்த்தேன். சதீஷின் அப்பா மண்டியிட்டு, ஃபோன் டார்ச்சை அடித்து, மேஜைக்கு அடியில் செருப்புகளுக்கு நடுவே என் விரல்களைத் தேடிக்கொண்டிருந்தார். "பயப்படாதீங்க சம்பந்தி, கெடச்சிடும், கெடச்சிடும்" என்றார். தொழிற்சாலையில் விரல்கள் நிஜமாகப் போன அன்றுகூட யாரும் இப்படித் தேடவில்லை.

"ஐயா," என்றேன். "எழுந்திருங்க. அது இங்க போனதில்ல."

"என்னது?"

"பழைய விரலுங்க. போய் பதினோரு வருஷம் ஆச்சு."

வெயிட்டரின் இடுக்கி நின்றது. மேனேஜர் ஐஸ் வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

சதீஷின் அப்பா மெதுவாக எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "பிரஸ்ஸா?"

"ஆமாங்க."

"டிப்போல இந்த மாதிரி கைய எவ்வளவோ பாத்தவன் நான். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

பிறகு அவர் செய்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. என் தட்டை நாப்கினால் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, அந்தக் கோழியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக அறுத்து, தட்டைத் திரும்ப என் முன்னால் நகர்த்தினார்.

"சாப்பிடுங்க சார்," என்றார்.

சம்பந்தி என்று சொல்லவில்லை. மஞ்சுவும் அதைக் கவனித்தாள். அவள் அதற்குப் பிறகு தலையை நிமிர்த்தவே இல்லை. எல்லோரும் சாப்பிட்டோம். தேதியைப் பற்றி யாரும் பேசவில்லை.

இரண்டு நாள் கழித்து சதீஷின் அப்பாவிடமிருந்து குமாருக்கு ஃபோன் வந்தது. "விரலுக்காக இல்லைங்க. இதை மறைச்சவங்க இன்னும் எதை மறைச்சிருக்காங்களோன்னு என் வீட்டம்மா பயப்படறாங்க. எனக்கும் பதில் சொல்லத் தெரியல." அவ்வளவுதான்.

மஞ்சு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாவது நாள் காலையில் நான் ஸ்பூனால் உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்து, மேஜையைத் தட்டி, "அப்பா, ரெண்டு கையும் மேல," என்றாள். வைத்தேன். அழுதுகொண்டே சிரித்தாள்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதை மறைத்தாலும் இந்த ஒரு வாக்கியம்தான். சாந்தி புதுப் புடவையைப் பீரோவில் ஒளித்தாலும், குமார் சிகரெட் வாடையோடு வந்தாலும், "ரெண்டு கையும் மேல!" பெண் பார்க்க யார் வந்தாலும் காபிக்கு முன்னால் உள்ளேயிருந்து மஞ்சுவின் குரல் வரும். நான் என் வலது கையை எடுத்து டீப்பாயின் நடுவில், பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பேன். வந்தவர்கள் மனதுக்குள் விரல்களை எண்ணுவது தெரியும். பிறகு ஏதோ அவசர வேலை என்று கிளம்பிவிடுவார்கள்.

நான் வருத்தப்பட்டால் மஞ்சு சிரிக்கிறாள். "உங்க கை நல்ல சல்லடைப்பா. சோறு விழற மாதிரி ஆளுங்களும் விழறாங்க. விழாம நிக்கிறவன் வரட்டும், பாத்துக்கலாம்."

இந்த இரண்டு வருஷத்தில் மூன்று பேர் விழுந்திருக்கிறார்கள். அந்த ஓசூர்க்காரர் மட்டும் விழுந்திருக்க மாட்டார். அவரை நானேதான் கீழே தட்டிவிட்டேன்.