கிளைட்டன் வீட்டுச் சர்வே

குளியலறையில் கிளைட்டன் முழங்காலில் நின்றிருந்தார். எட்டிப்பார்த்த மனைவி இசபெல்லா, திருவிழாக் காலமாயிற்றே, மனுசனுக்குப் பக்தி வந்துவிட்டதோ என்று ஒரு கணம் நெகிழ்ந்துபோனாள். அப்புறம்தான் அவர் முகம் வெஸ்டர்ன் டாய்லெட்டைப் பார்த்து இருப்பதைக் கவனித்தாள்.

"என்ன செய்யுதீக?"

"தண்ணி கசியுது. எங்கருந்துன்னு பாக்குதேன்."

"டாய்லெட்டுக்கு அடியில கசிஞ்சா டாய்லெட்லருந்துதான் கசியும்."

"அப்படிச் சட்டுனு சொல்லிற முடியாது."

சொல்ல முடியாதுதான். அவர் தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்குச் சர்வேயர். கப்பலில் வந்த மூட்டை நனைந்திருந்தால், நனைத்தது மழையா கடலா என்று தீர்ப்புச் சொல்வது அவர் தொழில். அவர் வாயைத் திறக்கும்வரை அனுப்பியவன், வாங்கியவன், இன்சூரன்ஸ்காரன் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அப்பேர்ப்பட்டவர் சொந்த வீட்டு ஈரத்தை வெறுங்கண்ணால் பார்த்து முடிவு கட்டலாமா?

அவசரமும் இருந்தது. பனிமய மாதா திருவிழாவுக்காக நாளைக்கே ஜெரால்டு குடும்பத்தோடு வருகிறார். இசபெல்லாவின் அண்ணன், கப்பலில் சீஃப் இன்ஜினியர், ஆலந்தலையில் சொந்த வீடு. கிளைட்டன் மகளின் ஞானஸ்நான விருந்தில், "நம்ம மாப்ளைக்கு ஒடஞ்சதை எழுதத்தான் தெரியும், ஒட்டவைக்கத் தெரியாது" என்று பந்தியே கேட்கும்படி சொன்னவர். "மச்சானுக்கு சுவிட்சைப் போடத்தான் தெரியும்" என்று கிளைட்டனும் திருப்பிக் கொடுத்தார். இரண்டு குடும்பங்களும் பாதிப் பிரியாணியில் பிரிந்தன. அன்று தொட்டிலில் கிடந்த பிள்ளை இன்று சென்னையில் காலேஜ் படிக்கிறாள். ஜெரால்டு தங்கை வீட்டு வாசலை இதுவரை மிதிக்கவில்லை.

போன வாரம் திடீரென்று அவரே போன் செய்தார். "ஏளா, திருவிழாவுக்கு உங்க வீட்லதான் தங்கப் போறோம். முடிஞ்ச பெறவும் கொஞ்ச நாள் இருப்போம்."

இசபெல்லா மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவரிடம் வந்தாள்.

"எங்க அண்ணன் இந்த வீட்டுல ஒரு கொற கண்டு முகஞ்சுளிச்சுப் போனாகன்னா, நானும் அவுக பின்னாடியே ஆலந்தலைக்குப் போயிருவேன். பாத்துக்கிடுங்க."

அதனால்தான் முழங்கால்.

கிளைட்டன் தன் தொழில் பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தார். சில்வர் நைட்ரேட். உப்புத் தண்ணீரில் விட்டால் பால்போல வெளுக்கும். நல்ல தண்ணீரில் விட்டால் சும்மா கிடக்கும். தரை ஈரத்தில் இரண்டு சொட்டு விட்டார். வெளுத்தது.

"உப்பு," என்றார் கனத்த குரலில். "போர் தண்ணி. நம்ம வீட்டுல போர் தண்ணி வார ஒரே எடம் டாய்லெட்டு. ஆகவே கசிவு டாய்லெட்லருந்துதான்."

"அதைத்தான நான் அப்பவே சொன்னேன்!"

"நீ சொன்னது அபிப்பிராயம். இது ரிப்போர்ட்டு."

அடுத்து, ஃப்ளஷ் தொட்டிக்குள் சொட்டு நீலத்தைக் கொட்டினார். கொஞ்ச நேரத்தில் யாரும் தொடாமலே டாய்லெட் கோப்பை நீலமாயிற்று, தரையும் நீலமாயிற்று. ஆக, தொட்டிக்குள் அடைப்பு ரப்பர் தேய்ந்திருக்கிறது. தொட்டியைப் பிடித்திருக்கும் போல்ட்டும் தளர்ந்திருக்கிறது. சந்தேகத்துக்கு இடமில்லை. சர்வே முடிந்தது.

துறைமுகத்தில் அத்தோடு அவர் வேலையும் முடிந்துவிடும். மிச்சத்தை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இங்கே மற்றவர்கள் யாருமில்லை.

பிளம்பர் செந்தில்முருகனுக்குப் போன் செய்தார். அவன் ஒரு கூலி சொன்னான். கிளைட்டன் வழக்கப்படி அதில் பாதி சொன்னார்.

"திருவிழா நேரம் ஸார்."

"திருவிழா எனக்குந்தான்வே."

"அப்ப நீங்களே பாத்துக்கிடுங்க."

"பாத்துக்கிடுதேன்!"

பேரத்துக்கு ஒரு முறை உண்டு. ஒருவன் முறுக்கிக்கொண்டு படியிறங்கினால், மற்றவன் தெருமுனைக்குள் கூப்பிட்டுவிட வேண்டும். கிளைட்டன் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். போனில் தெருமுனை எங்கே இருக்கிறது என்று செந்தில்முருகனுக்குத் தெரியவில்லை போலும். பொறுமையிழந்து இவரே கூப்பிட்டபோது அவன் திருச்செந்தூர் பஸ்ஸில் இருந்தான்.

கிளைட்டன் அடைப்பு ரப்பர் வாங்கத் தளவாய் அண்ணாச்சியின் ஹார்டுவேர் கடைக்குப் போனார்.

"ஒரிஜினல் வேணுமா, டூப்ளிகேட் வேணுமா?" என்றார் அண்ணாச்சி.

"ஒரிஜினல் என்ன வெல?"

அண்ணாச்சி சொன்னார். கிளைட்டன் நெஞ்சில் கைவைத்தார்.

"சரி விடுங்க. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு கெடக்கு. உங்களுக்காகத் தாரேன்."

"நடுவுலன்னா?"

"பாக்க ஒரிஜினல் மாதிரி இருக்கும் ஸார். வேல செய்யுததுதான் டூப்ளிகேட்டு."

அரைமணி நேரம் பேசி அதிலும் குறைத்து வாங்கிக்கொண்டு வெற்றியோடு வீடு திரும்பினார். புது ரப்பர் தொட்டியின் வாயைவிட ஒரு நூல் சின்னது. முன்பு கசிந்தது இப்போது ஓடத் தொடங்கியது.

போல்ட்டையாவது இறுக்குவோம் என்று ஸ்பேனரைப் போட்டு ஒரு திருகு திருகினார். டக் என்று ஒரு சத்தம். தொட்டியின் அடியில் தலைமுடிபோல ஒரு கோடு விழுந்தது. கோட்டிலிருந்து நீலத் தண்ணீர் பீய்ச்சி அவர் சட்டையில் அடித்தது.

தொட்டிக்குத் தண்ணீர் வரும் வால்வை அடைக்கப் பாய்ந்தார். வால்வின் பிடி கையோடு வந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டே மொட்டைமாடிக்கு ஓடினார். அங்கே போர் தண்ணீருக்கு ஒரு வால்வு, நல்ல தண்ணீருக்கு ஒரு வால்வு. எது எதுவென்று யோசிக்க நேரமில்லை, இரண்டையும் அடைத்தார். கசிவு நின்றது. குசினிக் குழாயிலும் தண்ணீர் வருவது நின்றது. துருப்பிடித்த வால்வுகள் அதற்குப் பிறகு திறக்க மறுத்துவிட்டன.

அன்றிரவு இசபெல்லா அவரோடு பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

மறுநாள் காலையில் கார் வந்து நின்றது. ஒரு வீட்டையே காலி செய்தாற்போலப் பெட்டிகள் இறங்கின. ஜெரால்டு வாசற்படியில் கொஞ்சம் தயங்கி, பிறகு வலதுகாலை எடுத்துவைத்தார். இசபெல்லா ஓடிப்போய் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். ஜெரால்டின் மனைவி ஆனி, குடித்த தண்ணீர்த் தம்ளரைக் கீழே வைக்குமுன், "ஏளா, பாத்ரூம் எங்கன இருக்கு?" என்றாள்.

கிளைட்டன் குளியலறைக் கதவைக் கையால் மறித்துக்கொண்டு நின்றார்.

"என்ன மாப்ள, கையெல்லாம் நீலமா இருக்கு?" என்றார் ஜெரால்டு.

கிளைட்டன் உண்மையைச் சொன்னார். ரிப்போர்ட்டின் முறைப்படி, தேதியிலிருந்து ஆரம்பித்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அந்தப் பழைய சொல்லுக்காகத் தலையைக் குனிந்து காத்திருந்தார்.

ஜெரால்டு அதைச் சொல்லவில்லை. முகம் ஒரு மாதிரி வெளிறியது. பிறகு பேண்ட்டை முழங்காலுக்கு மடித்துவிட்டார்.

"ஸ்பேனரைக் கொண்டாங்க. எஞ்சினையே கழத்திப் போட்டு மாட்டுதவன் நான். இது வெறும் பீங்கான்."

"வேண்டாங்க," என்றாள் ஆனி.

"நீ சும்மா இரி."

தொட்டியைக் கழற்றினார். தொட்டியோடு விடவில்லை. அடியிலேயே கோளாறு இருக்கும் என்று தரையைக் கொத்தி, கோப்பையையும் பெயர்த்தார். மச்சானும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, சப்பரம் தூக்குகிற கவனத்தோடு அதை ஹாலுக்குக் கொண்டுவந்து, மாதா படத்துக்குக் கொஞ்சம் தள்ளி இறக்கிவைத்தார்கள்.

"சரி. ஸ்பேர் எங்க இருக்கு?" என்றார் ஜெரால்டு.

"என்ன ஸ்பேர் மச்சான்?"

"போல்ட்டு, வாசர், பைப்பு... கப்பல்ல எல்லாத்துக்கும் ஸ்டோர் ரூம் உண்டே."

"இது வீடு மச்சான்."

ஜெரால்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கிளைட்டனுக்கு நாக்கின் நுனிவரை வந்துவிட்டது: மச்சானுக்குக் கழற்றத்தான் தெரியும். இத்தனை வருசம் காத்திருந்த தருணம் கூலிகூடக் கேட்காமல் வீடு தேடி வந்திருக்கிறது. இசபெல்லாவைப் பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லை விழுங்கிவிட்டு, "உங்க மேல தப்பில்ல மச்சான், பீங்கான் மட்டம்" என்றார்.

ஜெரால்டு அவர் நீலக்கையைப் பிடித்துக்கொண்டார்.

இசபெல்லா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "டாய்லெட்டு கெடக்கட்டும் மதினி, போனாப் போகுது. இத்தன வருசங் கழிச்சு, பழசையெல்லாம் மறந்துட்டு, எங்க அண்ணன் என்னையத் தேடி வந்திருக்காக. அது போதும் எனக்கு."

பெட்டிமேல் கால்களை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆனி, ஹாலில் இருந்த கோப்பையையும் புருசனையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"நீ வேற ஏளா! எங்க வீட்டுதையும் உங்க அண்ணன் இப்படித்தான் கழத்தி ஹால்ல வச்சிருக்காக. அதனாலதான இங்க வந்ததே!"