நான்கு சக்கரங்களும் நாற்பத்தாறு அட்டைகளும்

ஏழே நாளில் வண்டியின் நோயைத் தாமே கண்டுபிடித்துவிடுவதாக நூலகர் சபதம் செய்தார். செவ்வாய்க்கிழமை காலையில், வாய் நிறைய ரொட்டியை வைத்துக்கொண்டு செய்த சபதமாதலால் அதன் கம்பீரம் சற்றே குறைந்துபோயிற்று.

வண்டி முந்தின நாள்தான் வீட்டுக்கு வந்திருந்தது. கைமாறி வந்த பழைய வண்டிதான். ஆயினும் மிடுக்குக்குக் குறைவில்லை. நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கவல்ல, உயரமான முரட்டு வண்டி. முப்பதாண்டுகளாகப் புத்தக அடுக்குகளுக்கிடையே ஓசைப்படாமல் நடந்து பழகிய நூலகருக்கு, ஒருமுறையேனும் மலையுச்சிவரை தாமே ஓட்டிச் சென்று, கதவை அறைந்து சாத்திவிட்டு இறங்கி நிற்கவேண்டும் என்று ஆசை.

விற்றவர், கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் குட்டையாக நின்ற இன்னொரு கம்பியைக் காட்டினார். பின்னே இழுத்தால் பின்சக்கரங்கள் மட்டும் உழைக்கும். முன்னே தள்ளினால் நான்கும் உழைக்கும். நூலகர் அதற்குமேல் எதையும் காதில் வாங்கவில்லை. உடனே முன்னே தள்ளினார். நான்கு சக்கரங்களை வாங்கிவிட்டு இரண்டைச் சும்மா உட்கார வைத்துச் சோறு போடுவதா?

நேர்ச்சாலையில் வண்டி ராஜநடை போட்டது. தெருமுனையில் திரும்பியபோதுதான் குணத்தைக் காட்டியது. ஸ்டீயரிங் கல்லாய் இறுகிற்று. டயர்கள் கிறீச்சிட்டன. பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல் வண்டி வெட்டி வெட்டி நகர்ந்தது. எதிர்வீட்டுப் பல் மருத்துவர், முற்றிய சொத்தையைப் பார்ப்பதுபோல் வாசலில் நின்று அதைப் பார்த்தார்.

ஆகவேதான் மறுநாள் காலையில் சபதம்.

"ஒரு மெக்கானிக்கைக் கூப்பிடலாமே," என்றார் மனைவி.

"யாரையும் கேக்கமாட்டேன். எனக்கு யாரும் வழி சொல்லவும் கூடாது. உன்னையும் சேத்துத்தான் சொல்றேன். எல்லாத்துக்கும் புத்தகம் இருக்கு."

"ஏழு நாள்ல கண்டுபிடிக்கலேன்னா?"

"வண்டி உனக்கு."

"வாய்வார்த்தையா?"

"எழுதியே தர்றேன்."

நூலகத்து அட்டை ஒன்றை எடுத்து எழுதினார், தேதியிட்டார், கையொப்பமும் இட்டார். அம்மையார் அதை ஒருமுறை படித்துப் பார்த்துத் தம் தையற்பெட்டிக்குள் வைத்தார். வீட்டு முன்னறையில் மூன்று தையல் எந்திரங்களை வைத்துப் பள்ளிச் சீருடைகள் தைத்துக் கொடுப்பது அவர் தொழில். அவற்றைக் கொண்டு சேர்க்க ஒரு வண்டி வேண்டுமென்று நான்காண்டுகளாக அவர் சொல்லி வந்தது, கையொப்பமிட்ட கணத்தில் நூலகரின் நினைவுக்கு வரவில்லை.

நோயாளியை அலைக்கழிக்கலாகாது என்று, நூலகர் வழக்கம்போல் பேருந்திலேயே வேலைக்குப் போனார். மாலையில் வந்ததும் வண்டிக்கடியில் படுப்பார். பழைய வண்டிகளின் கோளாறுகளைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்று அவர் நெஞ்சின்மேல் படுக்கும். ஒரு நோய்க்கு ஓர் அட்டை. முன் அச்சு வளைவு, ஓர் அட்டை. சக்கரத்தின் பேரிங் தேய்வு, ஓர் அட்டை. பிரேக் ஒட்டிக்கொள்ளல், ஓர் அட்டை. சக்கரங்களை ஒவ்வொன்றாக ஜாக்கியில் தூக்கி ஆட்டிப் பார்த்தார், கிண்ணென்று இருந்தன. மனைவியின் அளவுநாடாவை இரவல் வாங்கி நான்கு டயர்களின் சுற்றளவையும் எடுத்தார், இம்மியும் பிசகவில்லை. அடியில் செய்தித்தாளை விரித்து, விழுந்த சொட்டை முகர்ந்தார், நாக்கிலும் வைத்தார், அது ஏ.சி.யிலிருந்து வடிந்த வெறும் தண்ணீர். பிறகு தெருவை ஒரு சுற்றுச் சுற்றுவார். முனையில் வண்டி வெட்டும். உள்ளே வந்து இன்னோர் அட்டை எழுதுவார்.

"எத்தனை ஆச்சுங்க?" என்று வியாழக்கிழமை மனைவி விசாரித்தார்.

"முப்பத்தொண்ணு. இன்னைக்குப் புதுசா ஒண்ணு. டீசல் கசியுது. நேத்து அரை டாங்க் இருந்துச்சு, இன்னைக்குக் கால்தான் இருக்கு."

"விரிச்ச பேப்பர்ல சொட்டு இருக்கா?"

"அதான் இல்லை. ஆவியாப் போகுதுபோல."

"பாவம். எழுதிக்கோங்க."

வெள்ளியன்று இருக்கைக்கு நோய் வந்தது.

"சீட்டு தானா முன்னால நகருது. முழங்கால் போய் இடிக்குது. ஸ்பிரிங் போயிடுச்சு."

"நீங்க வளந்திருக்கலாம்."

"விளையாடாதே. அம்பத்தேழு வயசுல எவனாவது வளருவானா?"

சனிக்கிழமை அவர் ஓடியே வந்தார். விரலிடுக்கில் ஒரு நீலநூல் தொங்கியது.

"கெட்டுது போ. ஒயருங்க உரியுது. மேல சுத்தின துணி நைஞ்சு கீழ கெடக்குது பாரு."

அம்மையார் நூலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்ல முறுக்கு நூலா இருக்கே. ஒயருக்கு இதெல்லாமா சுத்துவாங்க?"

"பழைய வண்டிம்மா. அப்பல்லாம் தரமாத்தான் செஞ்சிருக்காங்க."

திங்கட்கிழமை நூலகத்துக்கு விடுமுறை; ஏழாம் நாளும் அதுவே. அட்டைகள் நாற்பத்தாறு ஆகியிருந்தன. நாற்பத்தைந்தைக் கோடிட்டு அடித்தாயிற்று. எஞ்சிய ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, நூலகர் மனைவிக்கும் பல் மருத்துவருக்கும் தம் தீர்ப்பை வாசித்தார்: முன் அச்சுக்குள்ளே பற்சக்கரங்கள் நொறுங்கிவிட்டன, அச்சையே அறுத்தெடுக்க வேண்டும்.

"பிடுங்கறதுக்கு முன்னாடி எப்ப வலிக்குதுன்னு கேப்பேன் நான்," என்றார் மருத்துவர்.

"திரும்பும்போது மட்டும்தான். அதுவும் தார் ரோட்டுல மட்டும்."

"நான் ஒரு சுத்துப் பாத்துட்டு வரட்டுமா?" என்றார் அம்மையார்.

ஓட்டுநர் உரிமம் அவரிடமும் இருந்தது. நூலகரின் உரிமத்தைவிட அது இரண்டாண்டு மூத்தது. ஏறினார். இருக்கையை ஒரே தட்டில் முன்னே நகர்த்தினார். வண்டியை ஒரு முழ தூரம் பின்னே விட்டு நிறுத்திக் குட்டைக் கம்பியைப் பின்னே இழுத்தார். வண்டி தெருமுனைவரை போயிற்று. பாலேட்டில் விட்ட கரண்டிபோல் வழுக்கித் திரும்பி வந்து நின்றது. ஒரு வெட்டில்லை, ஒரு கிறீச்சில்லை.

நூலகரின் கையிலிருந்த அட்டை கீழே விழுந்தது.

அம்மையார் இறங்கி, தையற்சுண்ணத்தால் தரையில் இரண்டு வளைவுகளைப் போட்டார், ஒன்றுக்குள் ஒன்றாக.

"குடைப்பாவாடை வெட்டறோம். இடுப்புச் சுத்தும் அடி விளிம்பும் ஒரே அளவா?"

"இல்லை. விளிம்பு பெருசு."

"வண்டி திரும்பும்போது முன்சக்கரம் வெளிய சுத்திப் போகுது, பின்சக்கரம் உள்ள குறுக்கப் போகுது. முன்னதுக்குத் தூரம் கூட. நீங்க ரெண்டையும் சேத்துத் தச்சுட்டீங்க. ஒண்ணை ஒண்ணு இழுக்காம என்ன செய்யும்? சேறு, மணல்னா வழுக்கிச் சரியாயிடும். தார்ல எங்க வழுக்கறது? கம்பி இறுகிக்கிட்டா, சிக்கின நூலை விடற மாதிரி கொஞ்சம் பின்னால விட்டு எடுக்கணும்."

"அப்ப வண்டிக்கு நோயே இல்லையா?"

"வண்டிக்கு இல்லை."

நூலகர் சுண்ண வளைவுகளைப் பார்த்தபடியே நின்றார். அறுநூறு பக்கப் புத்தகம் ஏழு நாளாய்த் தமக்குச் சொல்லாததை இரண்டு கோடுகள் சொல்லிவிட்டன. எத்தனை அழகான விளக்கம். அட்டையில் எழுதினால்கூட நான்கு வரியில் அடங்கும். தாம் மணந்தவர் இத்தகையவர் என்ற பெருமிதத்தில் அவர் மார்பு விரிந்தது. விரிந்த மார்புடனே கேட்டார்:

"எப்ப கண்டுபிடிச்சே?"

"செவ்வாய்க்கிழமை. நீங்க பஸ் ஏறினதும்."

டீசல், இருக்கை, நீலநூல் ஆகிய மூன்று அட்டைகள் நூலகரின் தலைக்குள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிழிந்தன.

"தினமும் எடுத்துட்டுப் போனியா?"

"நாலு பள்ளிக்கூடத்துக்குத் துணி குடுத்து முடிச்சாச்சு."

"அப்ப சாயங்காலம் நான் ஓட்டும்போது மட்டும் ஏன் வெட்டிச்சு?"

"எடுத்ததை எடுத்த மாதிரியே வைக்கணும்னு ஊருக்கெல்லாம் சொல்றவர் நீங்க. கம்பியை மறக்காம முன்னால தள்ளி வச்சேன். சீட்டுதான் மறந்துபோச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"என்னையும் சேத்துத்தான் வழி சொல்லக்கூடாதுன்னீங்க. உங்க சபதத்தை நானே கெடுக்கலாமா?"

பல் மருத்துவர் தொண்டையைச் செருமினார். "சார், வலி தெரியாம வேரோட எடுத்துட்டாங்க. எங்கிட்டகூட இந்தக் கைப்பக்குவம் கிடையாது."

நூலகருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தாலும் அதை எந்த அடுக்கில் வைப்பதென்று அவருக்குத் தெரிந்திராது. தம் கையெழுத்தை மறுக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. சாவியை மனைவியின் கையிலேயே விட்டுவிட்டு, மெல்லிய குரலில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"மலைக்கு மட்டும் ஒரு தடவை."

"அதுக்கென்ன, இப்பவே போலாம். மலைமேல இருக்கற பள்ளிக்கூடத்துக்குத்தான் இன்னைக்குத் துணி போகுது. காலையிலயே ஏத்தி வச்சாச்சு. ஏறுங்க."

நூலகரின் முகம் மலர்ந்தது. ஓட்டுநர் பக்கம் போனார்; அம்மையார் ஏற்கெனவே அமர்ந்திருந்தார். மறுபக்கம் சுற்றிவந்து கதவைத் திறந்தார். முன்னிருக்கையில் ஒரு துணிமூட்டை, இருக்கைப்பட்டை மாட்டப்பட்டுப் பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

"பின்னால உக்காருங்க," என்றார் மனைவி. "அங்க இருக்கற சட்டைங்களை மடியில வச்சுக்கோங்க. மடிப்புக் கலைஞ்சா நீங்கதான் இஸ்திரி போடணும்."